சிருஷ்டியின் கற்சாசனங்கள்

நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பரம்பரையாகப் பூஜிக்கப்பட்டு வரும் சாளக்கிராமத்தை அறியாதவர் இரார். நேபாள தேசத்துக் கண்டகி நதியின் படுகையிலிருந்து வரும் அக்கருங்கற்களில், ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்ட சக்கரம் ஒன்றைக் காணலாம். பக்தர்கள் அதனைத் திருமாலின் சக்கரமெனக் கண்டு வணங்குகின்றனர். பூகர்ப்ப சாஸ்திரிகளோ, அம்மோனைட் என்னும் கடற்பிராணியின் ஓடு கல்லில் பதிந்த அடையாளம் அது என்கின்றனர். இவ்விரண்டு கூற்றுக்கும் விரோதம் இருப்பதாக நாம் கருதவில்லை. ஒன்று பக்தியின் விஷயம். மற்றொன்று விசாரணையின் விஷயம். விசாரணையின் முடிவு வருமாறு: இமயமலை எழும்புவதற்கு முன் அவ்விடத்தில் ஒரு கடல் இருந்தது. அதில் வாழ்ந்த பிராணிகள் இறந்து சேற்றில் புதைந்தன. சேறு இறுகிப் பாறையாயிற்று; பாறை மலையாக உயர்ந்தது; மலையை நதி அறுத்து, அப்பழைய ஓடுகளை நமது கைக்குக் கொணர்ந்தது.

இதைக் காட்டிலும் பெரிய அதிசயம் ஒன்றுண்டு. முப்பது கோடி வருஷங்களுக்கு மேல் சமுத்திரங்களில் பல்கிப் பெருகி வாழ்ந்த அம்மோனைட் வம்சத்தில் இன்று எக்கடலிலும் ஒன்றேனும் உயிரோடில்லை. ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் அவ்வம்சம் அற்றுப் போயிற்று. நிலத்தை ஆண்ட டைனோஸார் என்னும் பெரும் பிராணிகளும் அதே காலத்தில்தான் மாண்டன. அவற்றின் கிளையாகிய பறவைகள் மாத்திரம் எஞ்சின. இப்பேரழிவின் சரித்திரத்தில் நமது தேசத்திற்கு முக்கியமான பங்குண்டு. அதற்குரிய சாட்சியங்கள் நமது மண்ணிலேயே கிடக்கின்றன. அவற்றுள் சில நமது கண்ணெதிரே பாழாகியும் விட்டன. இதனைத் தமிழ் மக்களுக்கு எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் ஓர் உண்மையை நன்கு அறிவார்கள். வாய்மொழிச் சாட்சி மறக்கவும் கூடும், மாறவும் கூடும். எழுத்து ஆவணம் அப்படியன்று. சிருஷ்டியின் வழக்கில் வாய்மொழிச் சாட்சி எவரும் இல்லை. மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் நிகழ்ந்தவற்றை எவர் கண்டு சொல்வது? ஆகவே வழக்கு முழுவதும் ஆவணங்களையே நம்பி நிற்கிறது. கல்லாக மாறிய எலும்பும், ஓடும், மரமும், காலடித் தடமுமே அவ்வாவணங்கள்.

இவ்வாவணங்கள் எளிதில் உண்டாவன அல்ல. இறந்த பிராணியை நரியும் கழுகும் தின்னும். வெயிலும் மழையும் எலும்பை உதிர்க்கும். வெள்ளமோ மணலோ உடனே மூடினால் மாத்திரமே உடல் தப்பும். அப்பொழுதும் நிலத்தடி நீரில் கரைந்துள்ள தாதுக்கள் எலும்பின் நுண்துளைகளில் மெல்ல நிரம்பி அதனைக் கல்லாக்க வேண்டும். பூமியில் வாழ்ந்து மடிந்தவற்றுள் மிக மிகச் சிலவே இவ்விதம் அடையாளம் வைத்துச் சென்றன. பாறை அடுக்குகளோ, பத்திரப்பதிவு ஆபீஸின் கட்டுகளைப் போன்றவை. கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. அடுக்கு அடுக்காகப் படித்து வந்தால், எந்தப் பிராணி எக்காலத்தில் தோன்றி எக்காலத்தில் மறைந்தது என்பது விளங்கும்.

இவ்விதம் படித்தவர்கள் ஐந்து பெரும் பிரளயங்களைக் கண்டிருக்கின்றனர். முதலாவது சுமார் 44 கோடி வருஷங்களுக்கு முன் நிகழ்ந்தது. இரண்டாவது சுமார் 37 கோடி. மூன்றாவது 25 கோடியே 20 லட்சம். நான்காவது 20 கோடியே 10 லட்சம். ஐந்தாவது நாம் முன் கூறியது. இவற்றுள் மூன்றாவதே மிகவும் கொடியது. ஸைபீரியாவில் பூமி வெடித்து எரிகுழம்பு பெருகி, ஆகாயமும் கடலும் நஞ்சேறிய அக்காலத்தில், கடல்வாழ் இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை மறைந்தன என்று கணக்கிட்டிருக்கின்றனர். அதற்கு முன் நமது தேசத்தில் செழித்திருந்த குளோஸாப்டெரிஸ் என்னும் மரங்களின் காடுகளும் அப்பொழுது வீழ்ந்தன. அக்காடுகளின் மிச்சமே ராணிகஞ்சிலும் ஜாரியாவிலும் நாம் வெட்டும் நிலக்கரி. தெற்குக் கண்டங்கள் யாவும் ஒன்றாய் இணைந்திருந்த அப்பழைய பூமிக்கு உலகத்தார் இட்டுள்ள பெயர் கோண்டுவானா என்பது. மத்திய இந்தியாவில் வாழும் கோண்டு மக்களின் நாட்டிலிருந்து எடுத்த பெயர் அது. உலக சாஸ்திரத்தின் அகராதியில் நமது வனவாசிகளின் பெயர் ஏறியிருப்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

ஐந்தாவது பிரளயத்திற்கு வருவோம். 1980-ஆம் வருஷத்தில் அமெரிக்காவைச் சேர்ந்த லூயி ஆல்வரெஸ், அவர் குமாரர் வால்டர் ஆல்வரெஸ் ஆகியோரும் அவர்களுடைய துணைவர்களும் ஒரு முடிவை வெளியிட்டனர். அவ்யுகத்தின் முடிவைக் குறிக்கும் மெல்லிய களிமண் படையில், பூமியின் மேற்புறத்தில் அரிதாகிய இரிடியம் என்னும் உலோகம் மிகுந்திருந்தது. வானத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பாறை விழுந்ததே அதற்குக் காரணம் என்று அவர்கள் வாதித்தனர். மெக்ஸிகோ நாட்டின் யுகாட்டான் கரையில் புதைந்து கிடந்த சுமார் 180 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும் பள்ளம் அப்பாறை விழுந்த இடமே என்று 1991-இல் எடுத்துக்காட்டப்பட்டது.

ஆனால் குற்றவாளி ஒருவன்தானா என்ற கேள்வி அத்துடன் தீரவில்லை. அதே காலத்தில் நமது தக்ஷிணப் பீடபூமி பிளந்து எரிகுழம்பைக் கக்கிக் கொண்டிருந்தது. அதன் பெரும்பகுதி பத்து லட்சம் வருஷங்களுக்குள் வெளிவந்து படிந்தது என்கின்றனர். இன்று எஞ்சியிருப்பதே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் கனம் 2,000 மீட்டருக்கும் அதிகம். பம்பாயிலிருந்து பூனா செல்லும் ரயில் ஏறிச் செல்வது அக்குழம்பு உறைந்த படிகளின் மீதுதான். அஜந்தாவையும் எல்லோராவையும் நமது முன்னோர் குடைந்தது அப்பாறையில்தான். அக்குழம்போடு எழுந்த புகையும் கந்தகமும் உயிரினங்களை முன்பே நலியச் செய்தனவா, அல்லது விண்கல் ஒன்றே போதுமானதாயிருந்ததா என்பது குறித்து வித்வான்கள் இன்றும் வழக்காடுகின்றனர். விண்கல்லே முதற் காரணம் என்போரே பெரும்பாலோர். எங்ஙனமாயினும், இவ்வழக்கை விசாரிக்க வருகிற எவரும் இந்தியாவின் பாறைகளைப் பாராமல் தீர்ப்புச் சொல்ல இயலாது.

இனி நமது தமிழ்நாட்டைப் பார்ப்போம். கடல் கொண்ட நிலத்தைப் பற்றி நம்மவர் பேசாத மேடை இல்லை. கடல் வந்திருந்து பின்வாங்கிச் சென்ற நிலத்தைப் பற்றியோ பேச்சே இல்லை. இன்றைய அரியலூர், பெரம்பலூர் ஜில்லாக்களின் பெரும்பகுதி சுமார் 11 கோடி வருஷங்களுக்கு முன் கடலுக்குள் இருந்தது. அக்கடல் முன்னும் பின்னுமாக நகர்ந்து, ஐந்தாவது பிரளயம் வரையிலும் அதற்கு அப்பாலும் அங்கே அடுக்கடுக்காக மண்ணைப் படிய வைத்தது. காரை கிராமத்தின் செங்களி ஓடைகளில் அம்மோனைட்டுகள் அகப்படுகின்றன. கள்ளமேட்டில் டைனோஸார் எலும்புகள் கிடைத்தன. நின்னியூர்ப் பகுதியின் சுண்ணாம்புப் பாறையோ, பிரளயத்திற்குப் பின் பிழைத்தவற்றின் கதையைச் சொல்கிறது. பிரளயத்திற்கு முன்னும் பின்னும் ஆகிய இரண்டு ஏடுகளும் ஒரே வட்டாரத்தில் கிடைப்பது உலகில் எங்கும் எளிதன்று. கங்கைகொண்ட சோழபுரத்தின் கோபுரத்தைக் காணச் செல்லும் யாத்ரீகர்கள், ராஜேந்திரனுக்கு ஆயிரம் வருஷம் பின்னே மாத்திரம் நோக்குகின்றனர்; அந்த ஜில்லாவின் மண்ணோ பத்துக் கோடி வருஷத்திற்கு அப்பாலும் நோக்க வல்லது.

கல்லக்குடி என்ற ஊரின் பெயரை அரசியலில் ஈடுபட்ட எவரும் மறந்திரார். சிமிண்டு ஆலையினால் டால்மியாபுரம் எனப்பட்ட அவ்வூருக்குப் பழைய பெயரே வேண்டுமென்று 1953-இல் கிளர்ச்சி நடந்தது; தொண்டர்கள் ரயில் தண்டவாளத்தில் படுத்தனர். அக்கிளர்ச்சியின் நியாய அநியாயம் இங்கே நமது விஷயமன்று. ஊரின் பெயருக்காக உயிரையும் பொருட்படுத்தாது நின்ற ஜனங்கள், அவ்வூரின் கல் யாது என்று கேட்டதுண்டா? பழைய கடலில் வளர்ந்த பவழத்திட்டுகளின் மிச்சம் அக்கல்லில் இருக்கிறது. அத்தகைய கல்லைச் சுட்டுப் பொடித்தே நாம் வீடும் பாலமும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொண்டோம்.

இந்தச் சாசனங்களை முதலில் படித்தவர்கள் நம்மவரல்லர். 1840-களின் ஆரம்பத்தில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் சேகரித்த ஓடுகளை லண்டனுக்கு அனுப்பினர். எட்வர்ட் போர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்தார். பிளான்போர்டு என்பவர் இப்பகுதியின் பூகர்ப்ப விவரத்தை 1862-இல் வெளியிட்டார். மொரேவியாவில் பிறந்து கல்கத்தாவில் பணி புரிந்த ஸ்டோலிஸ்கா, தென்னிந்தியக் கடற்படிவங்களைப் பற்றிப் பெருநூல்கள் எழுதினார். அவர் 1874-இல் யார்க்கந்துப் பிரயாணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் மாண்டார். அன்னியராயினும் இவர்களது உழைப்பை நாம் நன்றியுடன் போற்றக் கடமைப்பட்டிருக்கிறோம். அன்னியன் நமது சுவடியைப் படித்தான் என்பது நமக்கு இழிவன்று. அவன் படித்த பிறகும் நாம் படியாதிருப்பதே இழிவு.

நம்மவரும் வாளாவிருக்கவில்லை என்பதைச் சொல்லுதல் நியாயம். பெரம்பலூருக்கு அருகே சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை 1940-இல் கண்டறிந்தவர் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் தமிழர். பின்னர் 1951-இல் இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவுக்கு முதல் இந்தியத் தலைவரானவரும் அவரே. தாவரப் படிவங்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற பீர்பல் ஸாஹ்னி, லக்ஷ்மணபுரியில் ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார். தொல்லுயிர்ப் படிவங்களைப் பதித்த அஸ்திவாரக் கல்லை 1949-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு நாட்டினார். அதற்கு ஒரு வாரத்தில் ஸாஹ்னி காலமானார். ஸ்தாபனம் நிலைத்து நின்றது. சுதந்திரம் பெற்ற தேசம் தனது சாசனங்களைத் தானே படிக்கவேண்டும் என்ற வைராக்கியம் அக்கல்லில் இருந்தது.

படிப்பதற்கு முன், காப்பது அவசியம். இங்கேதான் நமது குறை இருக்கிறது. மூன்று நிகழ்ச்சிகளை நாம் வாசகர் முன் வைக்கிறோம், தீர்ப்பு அவர்களுடையது.

முதலாவது, காத்ததனால் வந்த பயன். 1984-இல் குஜராத்தில் தனஞ்சய் மொஹாபே என்னும் ஆராய்ச்சியாளர் டைனோஸார் முட்டைகள் அடங்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். முட்டைகளோடு கிடந்த எலும்புகள் யாவும் குஞ்சினுடையவை என்று அப்பொழுது கருதப்பட்டது. கல் பத்திரமாக வைக்கப்பட்டது. பல வருஷங்களுக்குப் பின் அதனை மறுபடி ஆராய்ந்தபோது, அவ்வெலும்புகளுள் ஒரு பாம்பின் எலும்புகளும் இருப்பது தெரிந்தது. முட்டையிலிருந்து வெளிப்பட்ட குஞ்சை விழுங்க வந்து, சுமார் மூன்றரை மீட்டர் நீளமுள்ள அப்பாம்பு கூட்டோடு புதையுண்டிருந்தது. 2010-இல் ஸனாஜே இண்டிகஸ் என்ற பெயரோடு அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. கல்லைக் காத்திராவிடில் இந்த உண்மை என்றென்றைக்கும் மறைந்தே போயிருக்கும்.

இரண்டாவது, மறந்ததனால் வந்த நஷ்டம். தக்கர் எனப்பட்ட வழிப்பறிக் கூட்டத்தாரை ஒடுக்கியதனால் பெயர் பெற்ற ஸ்லீமன், 1828-இல் ஜபல்பூரில் சில எலும்புகளைக் கண்டெடுத்தார். அவற்றைக் கொண்டு லிடெக்கர் என்பவர் 1877-இல் டைட்டனோஸாரஸ் இண்டிகஸ் என்ற பெயரை ஏற்படுத்தினார். அவ்வெலும்புகள் பின்னர் இருக்குமிடம் தெரியாமற் போயின. 2012-இல் கல்கத்தாவில் பூகர்ப்ப இலாகாவின் சேகரிப்புகளை ஒழுங்கு செய்தபோது அவற்றுள் ஓர் எலும்பு மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. காணாமற் போன தஸ்தாவேஜு ரிக்கார்டு அறையிலேயே கிடந்த கதைதான் இது.

மூன்றாவது நம்முடைய சொந்த நஷ்டம். ஈடு செய்ய முடியாத நஷ்டம். அரியலூருக்கு அடுத்த கள்ளமேட்டில் அகப்பட்ட பெரும் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் 1987-இல் விவரித்தனர். பிருஹத் காயம், அதாவது பேருடல் என்ற வடமொழிச் சொற்களைக் கொண்டு அப்பிராணிக்குப் பிருஹத்காயோஸாரஸ் என்று பெயரிட்டனர். அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்றின் நீளம் மாத்திரம் 2 மீட்டர். முதலில் மாமிசம் தின்னும் பிராணி எனக் கருதப்பட்ட அது, பின்னர் நீண்ட கழுத்துடைய தாவரம் தின்னும் இனமெனத் தீர்மானிக்கப்பட்டது. அளவு மெய்யாயின், அதன் எடை நூறு டன்னுக்கு மேல் இருக்கலாம் என்கின்றனர். நிலத்தில் நடந்த பிராணிகள் யாவற்றிலும் பெரியது தமிழ்நாட்டில் நடந்தது என்று சொல்லும் பெருமை நமக்குக் கிடைத்திருக்கலாம்.

ஆனால் அவ்வெலும்புகள் இன்று இல்லை. எளிதில் உதிரும் நிலையிலிருந்த அவை, பிளாஸ்டர் உறையிட்டு எடுக்கப்பட்டும் சிதைந்து பொடியாயின. அது எலும்புதானா, அந்த வட்டாரத்தில் கிடைக்கும் கல்மரமா என்று ஐயுறுவோரும் தோன்றினர். 2022-இல் பழைய புகைப்படங்கள் வெளியிடப்பட்டு, எலும்பே என்ற கட்சி வலுப்பெற்றது. எனினும் புகைப்படம் மூல ஆவணமாகாது. நமது வழக்கு பலமானது. தாக்கல் செய்ய மூலம் இல்லை. ஆகவே அந்தப் பேருடல் சந்தேகத்தின் நிழலிலேயே நிற்கிறது. ஆறு கோடி வருஷங்களுக்கு மேல் மண் காத்துக் கொடுத்ததை, மண்ணினின்று எடுத்த சில வருஷங்கள்கூட நம்மால் காக்க முடியவில்லை.

“வயிற்றுக்குச் சோறும் குடியிருக்க வீடும் வேண்டிய தேசத்தில், செத்த எலும்புக்கு இத்தனை அழுகையா?” என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. சுண்ணாம்புச் சுரங்கங்களை மூடிவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. பூமியைத் தோண்டுகிற அச்சுரங்கங்களேதாம் பல படிவங்களை வெளிக்கொணர்கின்றன. தோண்டுகிற இடத்தில் பார்க்கத் தெரிந்த கண் ஒன்றும், எடுத்து வைக்கத் தெரிந்த கை ஒன்றும் இருக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை. குத்தகை கொடுக்கும் சர்க்கார், படிவம் அகப்பட்டால் அறிவிக்க வேண்டுமென்று ஒரு நிபந்தனை எழுதுவதற்குக் கஜானாவிலிருந்து எத்தனை பணம் போய்விடும்?

சட்டத்தின் நிலையையும் கவனிக்கவேண்டும். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருட் சட்டம் பெரும்பாலும் மனிதன் செய்த சிலை, சுவடி முதலியவற்றை நினைத்து இயற்றப்பட்டது. பூகர்ப்பச் சின்னங்களைக் காப்பதற்கென்று மத்திய சர்க்காரின் சுரங்க இலாகா 2022-இல் ஒரு மசோதாவின் நகலை வெளியிட்டு ஜன அபிப்பிராயம் கேட்டது. நகல் காவலாகாது. சட்டசபைகளிலும் பொதுமேடைகளிலும் இதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் இதை வாசிக்கும் தொண்டர்களே. அரியலூருக்கு அடுத்த வாரணவாசியில் அமைந்துள்ள படிவக் காட்சிசாலையைத் தமிழ்நாட்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் காண வேண்டும். திருவக்கரையின் கல்மரங்களை 1781-லேயே ஸொன்னெரா என்னும் பிரெஞ்சுக்காரர் குறித்து வைத்தார். அவற்றைக் காணச் செல்லும் நம்மவர், ஞாபகார்த்தமாக ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாது திரும்பவும் பழக வேண்டும்.

இச்சாட்சியம் பழங்கதைக்கு மாத்திரம் பயன்படுவதன்று. பல கோடி வருஷம் வாழ்ந்த வம்சமும், சூழ்நிலை விரைந்து மாறினால் அழியும் என்பதே இதன் சாரம். முன்பு எரிகுழம்பும் விண்கல்லும் செய்ததை இன்று மனிதனின் கை செய்கிறது. சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலி நமது தேசத்தின் பிராணி. கடைசியானவை எனக் கருதப்படும் மூன்றும், தேசம் சுதந்திரம் பெற்ற அதே 1947-இல் கொரியா சமஸ்தானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டன. 1952-இல் சர்க்கார் அவ்வினம் அற்றுவிட்டதென அறிவித்தது. 2022-இல் ஆப்பிரிக்காவிலிருந்து வேறு சிவிங்கிகளைக் கொணர்ந்து குனோ வனத்தில் விட வேண்டியதாயிற்று. சிவிங்கிக்காவது வேறொரு கண்டத்தில் உறவினம் மிஞ்சியிருந்தது. அம்மோனைட்டுக்கு அதுவுமில்லை, பூஜைப் பெட்டியில் இருக்கும் கல் ஒன்றே மிச்சம்.

கல்வெட்டுகளைப் படியெடுத்துக் காத்ததனால் சோழர் சரித்திரம் நமக்குக் கிடைத்தது. அதற்காக உழைத்தவர்களை நாம் வாழ்த்துகிறோம். மன்னர் வெட்டிய சாசனத்திற்குச் செய்ததைச் சிருஷ்டி வெட்டிய சாசனத்திற்கும் செய்வது நமது கடமை. மன்னர் சாசனம் ஒன்று அழிந்தால் மற்றொரு கோயிலில் அதே செய்தி கிடைத்தாலும் கிடைக்கும். கள்ளமேட்டு எலும்புக்கு இரண்டாம் பிரதி கிடையாது. இனியேனும் அகப்படுபவை பொடியாகாமல் காப்பாற்றப்படுமா என்பது சர்க்காரை மாத்திரம் பொறுத்ததன்று. அதைக் கேட்டு வாங்கும் ஜனங்களையும் பொறுத்தது.